அழுத்திப் பிடிக்க வேண்டிய பொத்தான்

அனாவசியமாக மணி அடிப்பது எனக்கு ஆகாது. எங்கள் வீட்டு அழைப்பு மணியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன். விசாரிக்க வந்த நீங்கள் இதை ஒரு குற்றமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பூமிக்கடியில் வளையமாக ஒரு சுரங்கம். அதில் அணுத்துகள்களை ஓடவிட்டு, மோதவைத்துப் பார்க்கிறார்கள். காந்தம், பம்ப், வால்வு, விசிறி எல்லாவற்றுக்கும் ஆணையிடும் மென்பொருள் என் பொறுப்பு. விஞ்ஞானிகளுக்குப் பேர் கிடைக்கும், எங்களுக்கு ஏச்சு கிடைக்கும். சுரங்கத்தின் வயர்களெல்லாம் பழசு. எங்கோ ஒன்று லேசாக ஆடினால் போதும், ஆபத்து என்று விளக்கு சிமிட்டும், இயந்திரம் நின்றுவிடும். திரும்ப ஓடவைப்பதற்குள் அன்றைய பொழுது போய்விடும். "உங்க சாஃப்ட்வேர் தும்மினா எங்க மிஷினுக்கு ஜுரம் வந்துடுது" என்று இயக்குநர் எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் ஒரு ஃபில்டர் எழுதினேன். ஆபத்து சிக்னல் ஐந்து விநாடி விடாமல் வந்தால்தான் இயந்திரம் நிற்கும். விட்டுவிட்டு வந்தால், அது வயரின் ஆட்டம் என்று மென்பொருள் ஒதுக்கிவிடும். உதவி கேட்கும் பொத்தான்களும் அதே வயர்களில்தான் வருகின்றன. ஆகவே, அழுத்தினால் அழுத்தியபடியே பிடிக்க வேண்டும். இதைக் கூட்டத்தில் தெளிவாகச் சொன்னேன். பம்ப் பழுதுபார்ப்பவர்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடும் வழக்கம் இல்லை.

என் தங்கையின் கணவர் பம்ப் பிரிவில் ஃபிட்டர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். அன்று காலை சுரங்கத்தை ஒட்டிய பராமரிப்புப் பாதைக்குள் போக அவருக்கு அனுமதி கொடுத்ததும் நான்தான். "உள்ள குளிரு ஆளைத் தின்னுடும் மச்சான். சீக்கிரம் முடிச்சுட்டு வந்துடறேன், சேர்ந்தே சாப்பிடலாம்" என்றார். இயந்திரம் ஓடும்போதும் அங்கே போகலாம். காந்தங்களைக் குளிர்விக்கும் திரவ வாயு கசிந்தால் மட்டும்தான் வம்பு. அது ஆவியாகிக் காற்றைத் தள்ளிவிடும், மூச்சுவிட ஒன்றும் மிஞ்சாது. அதற்காகத்தான் பொத்தான். அந்த சிக்னல் வந்தால் இயந்திரம் நிற்கும், வால்வு மூடிக்கொள்ளும், விசிறிகள் சுழலும்.

அன்று இயக்குநரும், எங்களை மதிப்பிட வந்த குழுவும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். இன்னொரு முறை இயந்திரம் நின்றால் என் பொறுப்பைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. நிற்காது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பராமரிப்புப் பாதையின் விளக்கு சிமிட்டியது. பக்கத்து நாற்காலிப் பெண், "சார், யாரோ அழுத்துற மாதிரி இருக்கே" என்றாள்.

"பழைய வயரும்மா. அது அப்படித்தான்."

வயரின் ஆட்டத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். அதற்கு ஒழுங்கே கிடையாது. இதற்கு இருந்தது. லிஃப்டுக்கு அவசரப்படுகிறவர் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்துவது போல ஒரே சீராக வந்தது. உள்ளே மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நிறுத்தும் விசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாப்பிள்ளை, விடாம பிடிங்க, பிடிங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன். பிடித்திருந்தால் இயந்திரம் தானாக நின்றிருக்கும். என் ஃபில்டரும் சரி என்று ஆகியிருக்கும், அவரும் சாப்பிட வந்திருப்பார். அதைத்தான் நான் மனதார விரும்பினேன். சிமிட்டல் மெதுவானது, பிறகு நின்றுபோனது. சற்று நேரத்தில் குழுவினர் கைதட்டினார்கள். இயக்குநர் நீட்டிய கையைக் குலுக்கினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், தெரிந்துதான் விட்டேன். மறுக்க நான் இங்கே வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இனி என்னை விட்டால் யாரும் இல்லை.

"அண்ணா, அவரு உதவின்னு கூப்பிடவே இல்லையா?"

"இல்லைம்மா, கூப்பிடலை" என்றேன்.

அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. அன்றும் சொல்லவில்லை. ஐந்து விநாடிக்குக் குறைந்தால் அது கூப்பிட்டதாகாது.