அஞ்சு கார்ட் மாப்பிளை

— அப்ப குடி கிடி ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறியள்.

— சிவகரன் குடிச்சு நான் காணேல்லை ஐயா. பக்கத்து வீடுதானே, குடிச்சால் மதிலுக்கு இஞ்சாலை கேக்காமல் இருக்குமோ.

— அதுக்குத்தான் பிள்ளை உங்கடை படலையைத் தட்டினனான். பெத்த தாயைக் கேட்டால் நல்லதுதானே சொல்லுவா. நான் தம்பிராசா, சாவகச்சேரியிலை இருந்து வாறன். தோட்டக்காரன், கண்டியளோ. வெங்காயம் நடுறதெண்டாலும் ஒருக்கா மண்ணைக் கிள்ளிப் பாத்துப்போட்டுத்தான் நடுவன். என்ரை கடைக்குட்டி தனுசியாவை உந்தப் பெடியனுக்குப் பேசுறம்.

— வெய்யிலுக்கை நிக்காதேங்கோ ஐயா, விறாந்தையிலை ஏறி இருங்கோ.

— இருக்கிறன். பெடியன் கொழும்பிலை நல்ல வேலையெண்டினம். காசு விசயத்திலை ஆள் எப்பிடி?

— தாராளமான ஆள் ஐயா. செலவழிக்கக் கை கூசாது. மனசிலை பட்டதை வாங்கிப்போடுவார்.

— நல்லது. கஞ்சனுக்குக் குடுத்தால் பெட்டை எண்ணி எண்ணித்தான் சாப்பிடவேணும். இன்னொண்டு கேக்கவேணும், நீங்கள் படிச்ச பிள்ளை போலை கிடக்கு. பெடியன் போனமுறை வந்து பேர்சைத் திறந்து காட்டினவர். அஞ்சு கிரெடிட் கார்ட். ஒண்டு தங்கக் கலர், ஒண்டு கன்னங்கறுப்பு. பாங்க் அனுப்பின மெசேச்சும் போனிலை காட்டினவர். இங்கிலீசு எனக்கு ஓடாது, இலக்கம் விளங்கிச்சு. ஒண்டிலை அஞ்சு லட்சம், ஒண்டிலை எட்டு லட்சம். எல்லாத்தையும் மனசிலை கூட்டிப் பாத்தன், முப்பது வருது. உந்த வயசிலை முப்பது லட்சம் சேர்த்திருக்கிறார், என்ன?

— அவ்வளவுக்கும் அவர் செலவழிக்கலாம் ஐயா. ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை.

— பாத்தியளே. எனக்கு முந்தி கார்ட் எண்டாலே பயம், கண்டியளோ. கடன்காரற்றை சாமான் எண்டு நினைச்சிருந்தனான். பெடியன்தான் விளங்கப்படுத்தினவர். இல்லாதவனுக்கு பாங்க் அஞ்சு கார்ட் குடுக்குமோ மாமா எண்டு கேட்டவர். அது நியாயம்தானே பிள்ளை?

— பாங்க் நம்பித்தான் குடுக்கிறது ஐயா.

— உங்களிட்டையும் உது கிடக்கோ?

— ஒண்டு கிடக்கு. சின்னன். அம்பதினாயிரம்தான்.

— அவ்வளவும்தானோ. பறவாயில்லை பிள்ளை, மெல்ல மெல்லச் சேரும்.

— பாங்க்காரர் கூட்டித் தாறம் எண்டு போன் எடுக்கிறவை ஐயா. நான்தான் வேண்டாமெண்டனான். வாங்கினதுக்கு அந்தந்த மாதமே முழுக்கக் கட்டிப்போடுவன், அதுக்கு அம்பது காணும்.

— வாற சீதேவியை ஏன் வேண்டாமெண்ணுறியள். சரி, அது உங்கடை விருப்பம். எனக்கு உந்தப் பராசக்தி அம்மாவிலை, அதுதான் பெடியன்ரை தாயிலை, முதலே ஒரு மதிப்பு. உண்மை கதைக்கிற மனிசி. அஞ்சு வருசத்துக்கு முன்னம் என்ரை மூத்தவன் சிவரூபனுக்கு உந்த ஒழுங்கையிலை ஒரு பெட்டை பேசினது.

— அப்பிடியோ.

— சாதகக் குறிப்பெல்லாம் திறமாப் பொருந்தினது. அண்டைக்கும் விசாரிக்கத்தான் வந்தனான். உந்த அம்மா தன்ரை படலையிலை நிண்டு, அவள் கார்டிலை லட்சக்கணக்கிலை கடன் வைச்சிருக்கிறவள், பாங்க்காரர் தேடித் திரியினம், அந்தச் சனியனை வீட்டுக்கை எடுக்காதேங்கோ எண்டவ. நான் அதிலையே மோட்டச்சைக்கிளைத் திருப்பினனான். பெட்டையின்ரை வீடு எதெண்டும் பாக்கேல்லை. இல்லாட்டி மாட்டுப்பட்டிருப்பம். அதுகள் இப்பவும் இஞ்சைதான் இருக்குதுகளோ?

— இருக்கினம் ஐயா. அந்தப் பிள்ளை கடன் எல்லாம் கட்டி முடிச்சிட்டுது. கலியாணம்தான் சரிவரேல்லை.

— ஆர் கட்டுவினம் பிள்ளை, உப்பிடியானதை.

— இருங்கோ ஐயா. தேத்தண்ணி கொண்டு வாறன்.

* * *

— அக்கா, உவர்தானே அந்த மனிசன்? சிவரூபன்ரை தேப்பன்?

— மெல்லக் கதை ஆரபி. குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவிலை ஒரு சுவர்தான் கிடக்கு. கேத்திலை அடுப்பிலை வை.

— உன்ரை முகத்துக்கு நேரை உன்னைச் சனியன் எண்டிட்டு இருக்கிறார், நீ ஓம் ஐயா, அப்பிடியோ ஐயா எண்ணுறாய்.

— முகம் காணாமலே வேண்டாமெண்டிட்டுப் போனவருக்கு, அது நான்தான் எண்டு எப்பிடித் தெரியும்.

— அப்ப போய்ச் சொல்லன். அந்தக் கடன் நீ வைச்சதில்லை எண்டு சொல்லு. நெல்லியடியிலை போன் கடை போடப்போறன் தங்கச்சி, உம்மடை கார்டை ரெண்டு மாதத்துக்குத் தாரும் எண்டு கெஞ்சி வாங்கிக்கொண்டு போனது ஆர்?

— ரெண்டு கார்ட்.

— ரெண்டையும் வழிச்சுத் துடைச்சுப்போட்டு கொழும்புக்கு ஓடினவன் சிவகரன். நீ பராசக்தி மாமியிட்டைப் போய் அழ, உன்ரை பேரிலை கிடக்கிற கடனுக்கு என்ரை பிள்ளை என்ன செய்யும் எண்டு கதவைச் சாத்தினவ. பிறகு படலையிலை நிண்டு உவருக்கு உன்னைப் பற்றி அப்பிடிச் சொன்னவவும் அவதான். எல்லாத்தையும் இப்ப சொல்லு. உனக்கு இதைவிட என்ன சந்தர்ப்பம் வரப்போகுது?

— எனக்கும் அப்ப விசயம் தெரியாது. பாங்க் தாளிலை ஆகக்குறைஞ்சது இவ்வளவு கட்டவேணும் எண்டு கிடந்தது. அதைக் கட்டினால் காணும் எண்டு ரெண்டு வருசம் கட்டினன். கட்டக் கட்ட முதல் அப்பிடியே கிடந்தது. வட்டிக்கு வட்டி ஏறி, கடைசியிலை பாங்க்காரர் நான் வேலை செய்யிற கந்தோருக்குள்ளை வந்து, எல்லாரும் பாக்க என்ரை மேசைக்கு முன்னாலை கதிரை இழுத்துப் போட்டு இருந்தினம்.

— தெரியும் அக்கா.

— காப்பையும் சங்கிலியையும் வித்து, வட்டி கூடின கார்டை முதல் அடைச்சன். மற்றதுக்கு பாங்க் மனேச்சரோடை கதைச்சு, வட்டியைக் குறைச்சு மாதக் கட்டுக்காசா மாத்தி எடுத்தன். கார்டைக் கத்தரிக்கோலாலை வெட்டிப்போட்டு, கந்தோராலை வந்து ரியூசன் குடுத்துக் கட்டினன். உந்த மனிசன் அண்டைக்கு நாலடி நடந்து வந்து, என்ன பிள்ளை விசயம் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— அண்டைக்கு வரேல்லை, இண்டைக்கு வந்திருக்கிறார்தானே.

— இண்டைக்கு மகளுக்காக வந்திருக்கிறார்.

— கேள் அக்கா. சிவகரன்ரை அஞ்சு கார்டும் கழுத்து மட்டும் கடன். உவருக்குக் காட்டினது கடன் லிமிட்டைக் கூட்டித் தந்த மெசேச். பாங்க்காரர் மாமி வீட்டுக்கு எடுக்கிற போன் எங்கடை கிணத்தடிக்குக் கேக்குது. உவர் குடுக்கிற சீதன டொனேசன் காசிலை எல்லாத்தையும் அடைச்சுப்போட்டு அவன் தப்பிப்போவான். அதுக்கோ நீ ஒத்தாசை?

— தப்பமாட்டான். வயித்தைக் கட்டிக் கடனை அடைச்ச ஆளுக்குத்தான் பிறகு கார்டைத் தொடப் பயம் வரும். ஆற்றையோ காசிலை அடைச்சவன் அடுத்த மாதமே அதே கார்டைத் தேய்ப்பான். ஒரு வருசத்திலை அஞ்சும் திரும்ப நிறையும். பிறகு பெட்டையின்ரை காணியிலை கை வைப்பான். தம்பிராசர் விடுவாரெண்டு நினைக்கிறியோ? என்னாலை அவனைக் கோட்டுக்கு இழுக்க ஏலேல்லை, கடன் என்ரை பேரிலை. அவர் இழுப்பார். சாவகச்சேரிக் கோட்டுப் படியிலை மாமியையும் மகனையும் ஏத்தி இறக்குவார். அவையும் அழியட்டும், அவரும் அழியட்டும்.

— அந்தப் பெட்டை? தனுசியா உனக்கு என்ன செய்தவள்?

— நான் ஆருக்கு என்ன செய்தனான்?

— அக்கா, உன்னைப் பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு.

— சீனி கூடப் போடு. அவருக்கு இனிப்பா இருக்கட்டும்.

* * *

— நல்ல தேத்தண்ணி. அப்ப பிள்ளை, கடைசியா ஒண்டு, மனச்சாட்சிக்குச் சொல்லவேணும். உங்கடை சொந்தத் தங்கச்சிக்கு எண்டால் உந்தப் பெடியனைச் செய்து குடுப்பியளோ?

— என்ரை தங்கச்சிக்கு அவர் அண்ணை மாதிரி ஐயா. சின்னனிலை இருந்து அப்பிடித்தான் பழக்கம்.

— அப்ப நம்பி ஒண்டைக் குடுக்கக்கூடிய ஆள்.

— நாங்கள் நம்பிக் குடுத்திருக்கிறம் ஐயா.

— அது காணும் எனக்கு. இதுக்கு மேலை ஒருத்தரையும் கேக்கமாட்டன். வீட்டையும் பின்னுக்குக் கிடக்கிற தோட்டக்காணியையும் பெட்டையின்ரை பேரிலை எழுதுறன். கையிலை இருபது லட்சம் டொனேசன். ரெண்டு போகம் வெங்காயம் வித்ததும், தாயின்ரை நகையும் சேர்த்துத்தான். மாப்பிளை, டொனேசன் காசைக் கலியாண எழுத்துக்கு முதல் தந்தால் வசதி எண்டவர்.

— ஆற்றை கையிலை குடுக்கிறியள் ஐயா?

— வேறை ஆற்றை, மாப்பிளையின்ரை கையிலைதான்.

— அப்பிடியே செய்யுங்கோ.

— ஐயா, ஒருக்கா நில்லுங்கோ.

— இவ ஆர், தங்கச்சியோ? என்ன பிள்ளை, சொல்லுங்கோ.

— ஐயா, அந்தக் கார்ட்...

— கோப்பையை எடுக்க வந்தவள் ஐயா. ஆரபி, ஐயாவின்ரை கோப்பையை வாங்கு.

— இந்தாங்கோ பிள்ளை. முகம் வாடிப்போய்க் கிடக்கு, காய்ச்சலோ? சரி, அப்ப நான் வாறன். இப்ப பஸ்ஸைப் பிடிச்சால்தான் பொழுதுபட முதல் போய்ச் சேரலாம். எழுத்துக்கு ரெண்டு பேரும் கட்டாயம் வரவேணும், நான் கலியாணக் காட் கொண்டுவந்து தருவன்.

— வருவம் ஐயா. பாத்துப் போங்கோ.

* * *

— போயிட்டார். அக்கா, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போறன். பஸ் ஏற முதல் சந்தியிலை பிடிச்சுச் சொல்லப்போறன்.

— போ. நான் உன்னைக் கட்டி வைக்கேல்லை. ஆனா ஆரெண்டு சொல்லிச் சொல்லுவாய்? கடன்காரியின்ரை தங்கச்சி எண்டோ?

— அப்பிடியெண்டாலும் சொல்லுவன். நீ கந்தோரிலை புதுசா வாற பெட்டையளுக்கெல்லாம் புத்தி சொல்லுற ஆள். ஒரு கார்ட் காணும், நாள் பிந்தாமல் முழுக்கக் கட்டு, கார்டையும் அதின்ரை இலக்கத்தையும் கூடப்பிறந்தவனுக்கும் குடாதை எண்டு சொல்லிக் குடுக்கிறாய். போன கிழமையும் ஒருத்தி உன்ரை காலடியிலை இருந்து அழுதவள், அவளோடை பாங்குக்குப் போய் வட்டியைக் குறைச்சுக் குடுத்தனீ. அந்த வாய் இண்டைக்கு எங்கை போனது?

— அவை ஒருத்தரும் என்னைச் சனியன் எண்டு சொல்லேல்லை.

— அந்த மனிசன் தெரியாமல் செய்தவர் அக்கா. பாவம், எல்லாத்தையும் வித்துக் குடுக்கப்போறார். நீ அஞ்சு வருசம் இந்த விறாந்தையிலை இருந்து அழுததுக்கு, கடவுளே அவரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கடை படலையிலை விட்டிருக்கிறார் எண்டு நினைச்சன். நீ உண்மையைச் சொல்ல, அவர் தலை குனிஞ்சு போவார், அதோடை உன்ரை மனசு ஆறும் எண்டு நினைச்சன். ஊரிலை எத்தினை பெடியள் கிடக்க, சிவகரன்ரை குறிப்பு தேடிப்போய் அவற்றை கையிலை விழுந்தது வேறை என்னத்துக்கு?

— கடவுள் இல்லையடி ஆரபி. போன தையிலை கடைசிக் கட்டுக்காசைக் கட்டிப்போட்டு பாங்காலை இறங்கின கையோடை, நேரை கலியாணப் புரோக்கரிட்டைப் போய், உங்களிட்டைக் கிடக்கிற சிவகரன்ரை குறிப்பைச் சாவகச்சேரித் தம்பிராசர் வீட்டுக்குக் கொண்டுபோங்கோ எண்டு சொன்னது நான்.