பூட்டிய குழாயும் நனைந்த பாத்தியும்

வீட்டுத் தோட்டச் சங்கத்தின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் செயலாளர் அவர்களே! மண்ணின் மனமறிந்த மூத்தவர்களே! களைக்கொட்டு பிடித்துக் காய்த்த கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அன்புத் தங்கையே! கடைசி வரிசையில் என் கண்ணில் படாமல் குனிந்திருக்கும் அவள் கணவரே! அனைவரையும் வணங்குகிறேன்.

காரமில்லாத வெங்காயத்தாள் வளர்த்தேனாம். எனக்கு முதல் பரிசாம். பொறுங்கள்! நான் பரிசு வாங்க வரவில்லை. ஆளைப் பிடிக்க வந்திருக்கிறேன்!

நான் பூட்டு, சாவி செய்பவன். சந்தேகம்தான் என் தொழில். சந்தேகம்தான் எனக்குச் சோறு. சிரிக்காதீர்கள் அம்மா, சாவி தொலைந்த உங்கள் பீரோவைத் திறந்தவனும் நான்தான்.

என் தங்கைக்கு வயிற்றில் புண். காரமே கூடாது என்றார் மருத்துவர். சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தாள். "கொஞ்சம் வெங்காயம் இருந்தா ரெண்டு வாய் இறங்கும்ணே" என்றாள். கடையில் வாங்கிய தாளோ அவள் வயிற்றை எரித்தது. எனவே நானே விதை வாங்கினேன். மேல்வீடு எனக்கு, கீழ்வீடு அவளுக்கு, கொல்லை இருவருக்கும் பொது. அங்கே ஒரு பாத்தி கட்டிக் கறுப்பு விதையைத் தூவினேன். கையோடு கொல்லைக் குழாய்க்கு ஒரு பூட்டும் போட்டேன்!

ஏன்? வெங்காயத்துக்கு ஈரம் அதிகமானால் அழுகிவிடும் என்பது என் எண்ணம். மாப்பிள்ளையோ தண்ணீரைத் தாராளமாகப் புழங்குபவர். பூட்டைப் பார்த்தார், அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார்.

நடந்தது என்ன? காலையில் போனால் பாத்தி ஈரம்! மறுநாளும் ஈரம்! மழை பெய்ததா? இல்லை. குழாய் ஒழுகியதா? இல்லை. பூட்டு உடைந்ததா? நான் செய்த பூட்டா உடையும்? சாவி என் இடுப்பில்; ஈரம் என் பாத்தியில்! பால்காரரைச் சந்தேகித்தேன். பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகித்தேன். ஆமாம் ஐயா, குனிந்து மோந்துகூடப் பார்த்தேன்!

முளை வந்தது. கூன் விழுந்து, முடிபோல் மெலிந்து வந்தது. வாளியால் ஊற்றினால் மண்ணில் பள்ளம் விழும், முளை படுத்துவிடும். இங்கே பள்ளமே இல்லை; பொடிப்பொடியாகப் புள்ளிகள். கையால் தெளித்த தண்ணீர்! இத்தனை மென்மையாகத் தெளிக்க யாருக்கு வரும்? சட்டைக்கும் சேலைக்கும் தெளித்துத் தெளித்துப் பழகிய விரல்களுக்கு வரும். மாப்பிள்ளை இஸ்திரிக் கடைக்காரர்! கடையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்!

என் பயிரை அழுகவிட்டு என் மானத்தை வாங்கப் பார்க்கிறார் என்று பல்லைக் கடித்தேன். அழுகட்டும், ஊரைக் கூட்டி நியாயம் கேட்போம் என்று காத்திருந்தேன். அழுகவில்லை! தளதளவென்று வளர்ந்தது. பென்சில் பருமனில் பிடுங்கி, தங்கையின் தட்டில் நறுக்கிப் போட்டேன். பயந்து பயந்து கடித்தாள்.

"அண்ணே, எரியவே இல்லண்ணே!"

அன்று அவள் தட்டு காலியானது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். மண் காய்ந்தால் தாளில் காரம் ஏறும், ஈரம் குறையாதிருந்தால்தான் இதமாக வரும் என்று செயலாளர் பிறகுதான் சொன்னார். என் எண்ணப்படி விட்டிருந்தால் என் தங்கை என்னவாகியிருப்பாள்?

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. நல்லது செய்பவர் நேரில் சொல்லலாமே? திருட்டுத்தனம் எதற்கு? இந்தச் சபையிலேயே கேட்கிறேன். மாப்பிள்ளை, எழுந்திருங்கள்! ஏன் சொல்லவில்லை?

என்ன? உரக்கச் சொல்லுங்கள்!

கேட்டீர்களா, சபையோரே? "சொன்னா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க மச்சான். உங்ககூட மல்லுக்கட்டிட்டு இருந்தா, அவ எப்ப சாப்பிடறது?" என்கிறார்!

தலைவர் அவர்களே, அவர் மேடை ஏறும்வரை அந்தப் பரிசை யாரிடமும் கொடுக்காதீர்கள். வாருங்கள் மாப்பிள்ளை! இத்தனை பேர் முன்னிலையில் உங்களைக் குற்றவாளியாக நிறுத்தினேன். இத்தனை பேர் முன்னிலையிலேயே உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்!