எட்டுக் கணினிகளுக்கு வழி சொன்ன கலைமணி அம்மா அவர்களுக்கு

இருபத்தாறு ஆண்டுகள் இந்த மலையின் ஈரத்தோடும் மின்வெட்டோடும் மல்லுக்கட்டி, மலையரசி கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகளைக் காத்து நின்றவரே! அளந்து பேசுபவரே! அலுத்துக்கொள்ளத் தெரியாதவரே! வணக்கம். உங்களுக்குத் தெரிந்ததையே இந்தப் பணி ஓய்வு விழா அவைக்காக ஒருமுறை சொல்கிறோம்.

கலைமணி நாமக்கல்லிலிருந்து இங்கே வந்தவர். ஆண்டுக்கு மூன்று ஹார்ட் டிஸ்க்காவது கெட்டுப்போவதைப் பார்த்துச் சலித்து, எட்டுக் கணினிகளிலிருந்தும் அவற்றைக் கழற்றிவிட்டார். எல்லாவற்றையும் உள்ளறைச் சர்வரில் வைத்தார். பொத்தானை அழுத்தினால் கணினி கேபிள் வழியாக விசாரிக்கும். சர்வர் அதற்கு ஓர் எண்ணும், போக வேண்டிய இடமும் சொல்லும். கணினி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் காட்டினால்தான் உள்ளே விடும். ஆறு ஆண்டுகள் இது பிசகவில்லை.

சென்ற ஜூனில் பிசகியது. கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஐந்து மணி வரைதான். இந்த மலையின் வளப்பூர் நாட்டுப் பகுதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பாவாயி, மகள் கோகிலவாணியின் சான்றிதழ்களை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எட்டுத் திரைகளும் கறுப்பு. இரண்டு நாளாக டவர் இல்லாததால் செல்போனும் உதவவில்லை. எழுத்தர் ராசப்பன், அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். ஊர்ச் சனத்தின் காகிதமெல்லாம் அதற்குள் கிடக்கிறது, எடுக்க மாட்டேன் என்றார் கலைமணி.

"பூட்டுல கோளாறு இல்லீங்க. எந்த ஊட்டுக்குப் போறதுன்னு தெரியாம நிக்குது."

அதற்குள் கரண்ட் போய், மூன்றரைக்குத்தான் திரும்பியது. கணினியை மறுபடி போட்டதும் திரையில் ஒரு கணம் வந்துபோன எண்ணை அவர் உற்றுப் பார்த்தார். அது அவர் கொடுக்கும் வரிசையில் இல்லை. வேறு ஏதோ ஒன்று முந்திக்கொண்டு எண் கொடுக்கிறது. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனார். சாம்பிள் மிளகுப் பைகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய வைஃபை பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கினார். கணினிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

ராசப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. பாவாயிக்கு முன்னாலேயே கலைமணியிடம் சொன்னார்: "அக்கா, நேத்து சாயங்காலம் நாந்தாங்க செருகுனேன். செல்லுக்கு நெட்டு வரும்னு பாத்தேன். அதுபாட்டுக்கு எண்ணுக் குடுக்கும்னு தெரியாதுங்க."

"பெட்டிக்கு அடியில உங்க பேரு எழுதியிருக்குதுங்க," என்றார் கலைமணி. "உக்காந்து அந்தப் புள்ள பேர அடிங்க. இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது."

விண்ணப்பம் நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் கலைமணி யார் பெயரையும் எழுதவில்லை. அலமாரிக்குப் பின்னால் சும்மா கிடந்த கேபிள் இணைப்பை மூடாமல் விட்டது தன் தவறு என்றே எழுதினார். கோகிலவாணிக்கு இடம் கிடைத்தது.

அம்மா, உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். நெடுங்காலம் நிம்மதியாகத் தூங்கி எழுங்கள். அந்த அறிக்கையை ராசப்பன் நேற்றுத் தன் பெயரைச் சேர்த்துத் திருத்தி, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். நீங்கள் தடுப்பீர்கள் என்பதால் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ராசப்பன், தேன்மொழி, ஸ்டீபன் மற்றும் சங்க ஊழியர்கள்
சோளக்காடு