கள்ளனே பூட்டுற பூட்டு

ஐயோ, அந்தக் கதிரையில இருக்காதீங்க மிஸ், ஒயில் பட்டிருக்கு. இதில இருங்க. ஓம், கடிதத்த வாசிச்சிட்டன். வெள்ளவத்தைப் பிள்ளை ஹம்சிகா செஞ்ச ஓட்டோப் பூட்டு, எந்த மெக்கானிக்குக்கும் சும்மாவே தோணக்கூடிய விசயம், அதுக்கு பேட்டன்ட் குடுக்கத் தேவையில்ல எண்டு நான் சைன் வைக்கோணும். பிறகு உங்கட கொம்பனி அதையே செஞ்சு விக்கலாம். அவ்வளவுதானே? விளங்குது, விளங்குது. பிளேன்டீயக் குடிங்க, ஆறுது.

நீங்க சொல்றதும் சரிதான். அதில என்ன இருக்கு? ஒரு கேபிள், ஒரு ஸ்பிரிங், ஒரு பின். எல்லாம் பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையள்ல கிடைக்கிற சாமான். ஹேண்டில் லொக் பழசு, கியர் லொக்கும் பழசு. அந்தப் பிள்ளை ரெண்டையும் கேபிளால தொடுத்திருக்கு. கள்ளன் மல்லுக்கட்டி ஹேண்டில உடைக்கிறான் பாருங்க, அவன்ட இழுவையிலேயே பின் போய் கியருக்குள்ள விழுந்திரும். பிறகு ஓட்டோவத் தள்ளவும் ஏலாது. கள்ளனே பூட்டிக் குடுக்கிறான்! சிரிக்கிறீங்க என்ன? நானும் பாத்த அண்டைக்குச் சிரிச்சனான். சீ, இவ்வளவுதானா எண்டு.

பாத்தாப் பிறகு எல்லாருக்கும் அப்பிடித்தான் மிஸ்.

என்ட மச்சான் ரொனிட ஓட்டோவுக்கு நானும் ஒரு பூட்டுப் போட்டுக் குடுத்தனான். இவ்வளவு மொத்த இரும்பு. பாதர் வந்து தீர்த்தமும் தெளிச்சார். செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல பூசை கண்டிட்டு வெளிய வாறான், ஓட்டோ இல்ல. பூட்டு மட்டும் ரோட்டோரத்தில வடிவா வச்சிருக்கு. பூட்டுக்கு ஒண்டும் ஆகல்லடா எண்டு நான் சொன்னதுக்கு, ஆறு மாசம் என்னோட கதைக்கல்ல.

பேனையா? பொறுங்க. இந்தப் பெஞ்சுக்குக் கீழ ஒருக்கா குனிஞ்சு பாருங்க. ஓம், அந்தச் சாக்குத்தான். இழுங்க, பாரம். பத்தொம்பது இருக்கு, எல்லாம் நான் செஞ்ச பூட்டுகள். ரொனிட ஓட்டோ போன நாளையில இருந்து பதினொரு வருஷம். கேபிளும் வச்சுப் பாத்தன், ஸ்பிரிங்கும் வச்சுப் பாத்தன். கள்ளன்ட பலத்தத் தடுக்கத்தான் பாத்தன் மிஸ். அந்தப் பலத்தையே வேலைக்கு எடுக்கலாம் எண்டு ஒரு நாளும் தோணல்ல.

அதனால எந்த மெக்கானிக்குக்கும் தோணும் எண்ட அந்த வரிய வெட்டிட்டு இப்பிடி எழுதுங்க. கொட்டாஞ்சேனை ஹியூபேட், முப்பத்தாறு வருஷ மெக்கானிக், இவருக்குத் தோணல்ல. எழுதிட்டுத் தாங்க, சைன் வைக்கிறன்.