ஒரு துளை உள்ளே

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் விமானத்தில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பட்டை நிறைய அசையக் கூடாது சார். விரல் தடிமன் அசைந்தாலே போதும். ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானத்தைத்தான் சொல்கிறேன். நாற்பது வருஷம் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தவன் நான். திருகாணி விஷயத்தில் என் கை தப்பாது.

என் மகள் பஸ் ஓட்டுகிறவள். கல்யாணம் முறிந்தபின் ஊரின் அந்தக் கோடியில் தனியாக இருந்தாள். அவள் அம்மா போனபின் நானும் தனிதான். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போவாள். பொழுதுபோக்குக்கென்று அந்த விமானத்தை வாங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அப்பா, இத செட் பண்ணித் தாங்க" என்று மேஜையில் வைத்தாள். "வாங்க பைலட்டம்மா" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது தெரியுமா.

ஒழுங்காகத்தான் செட் பண்ணிக் கொடுத்தேன். அழகாகப் பறந்ததாம். அடுத்த இரண்டு ஞாயிறும் ஆளைக் காணோம். பழுதே இல்லையென்றால் எதற்கு வருவாள்?

ஒரு திருகாணி கழன்றதென்று மறுபடி வந்தபோது, வால் பட்டையை இழுக்கும் கம்பியை, பட்டைப் பக்கத்தில் ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டினேன். அவ்வளவுதான். பட்டை இரண்டு மடங்கு அசையும். தொட்டால் துள்ளும், துள்ளினால் விழும். அடுத்த வாரமே உடைந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

இப்படியே பதினோரு ஞாயிறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இங்கே கூடத்தைக் கோணலாக்கியவன் நான். அவள் தன் காலைத்தான் குறை சொன்னாள். "என் கையில எதுவுமே நிக்க மாட்டேங்குதுப்பா" என்று ஒரு நாள் அழுதாள். விமானத்தை மட்டும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது சார், பொய்யில்லை. "பழகப் பழகத்தாம்மா வரும்" என்றேன். கம்பியைத் தொடவில்லை.

பிறகு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொன்னாள். "கிளம்பறதுக்குள்ள ஒரு தடவ நேரா பறந்துட்டா போதும்ப்பா. எங்க போனாலும் சமாளிச்சுக்குவேன்னு தைரியம் வந்துரும்."

ரிமோட்டில் மாற்றியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். இறக்கைப் பட்டைகள் அசையும் திசையை ரிமோட்டிலேயே தலைகீழாக்கினேன். ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் விமானம் இடப்பக்கம் சாயும். பறக்கவிடும் முன் அவள் விமானத்துக்குப் பின்னால் நின்று சோதிப்பாள். வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கப் பட்டை எழ வேண்டும். நான் பழக்கியதுதான். கடைசி ஞாயிறன்று மைதானத்தில், "முன்னால நின்னு பாரும்மா, நல்லாத் தெரியும்" என்றேன். எதிரே நின்றால் இடம் வலமாகிவிடும், தப்பே சரியாகத் தெரியும். "சரியா இருக்குப்பா" என்றாள்.

கிளம்பியதும் இடப்பக்கம் சாய்ந்தது. அவள் வலப்பக்கம் தள்ளினாள். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினாள். அது வளைந்து எங்களை நோக்கியே வந்தது. விலகு என்று கத்தியிருக்கலாம். அவளோ இந்த முறையாவது காப்பாற்றிவிடலாமென்று ரிமோட்டை விடாமல் நின்றாள். முன்விசிறி வலது கண்ணில் பட்டது.

இனி பஸ் ஓட்ட முடியாது. மாற்றலும் இல்லை. என் வீட்டில், பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். "எல்லாம் என் கையோட தப்புப்பா" என்கிறாள். நான்கு வேளையும் மருந்து விடுகிறேன்.

வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரோஷக்காரி, உடனே கிளம்பிவிடுவாள். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பாவம் எங்கே போவாள்? அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?