பக்கத்து சேர்

– தெரியுது, தெரியுதுன்னு நின்னுக்கிட்டே சொல்லாதீங்கண்ணே. நான் வீல்சேர்ல உக்காந்திருக்கேன். என் உசரத்துக்கு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.

– அதெல்லாம் பாத்தாச்சும்மா. பெயின்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு, அதுமேல உக்காந்து உக்காந்து பாத்துத்தான் இந்த வீல்சேர் மேடையையே வெல்டிங்ல பத்த வச்சேன். இந்தக் கோல் போஸ்ட்டுல இருந்து அந்தக் கோல் போஸ்ட் வரைக்கும் கண்ணாடியாத் தெரியுது. இந்த வெல்டர் கை வச்சா அளவு தப்பாது.

– அப்ப இந்தக் கம்பி?

– எந்தக் கம்பி?

– என் கண்ணுக்கு நேரா போகுதே, இது. பாதி கிரவுண்டு கம்பிக்கு மேல, மீதி கிரவுண்டு கம்பிக்குக் கீழ. பந்து நடுவுல போனா நான் தலையை எங்க கொண்டு போய் வைக்கிறது?

– அது பத்திரத்துக்கும்மா. நீங்க முன்னாடி உருண்டு விழுந்துட்டீங்கன்னா கிளப் செக்ரட்டரி என் தலையை உருட்டிடுவாரு.

– சக்கரத்துக்கு பிரேக் இருக்குண்ணே. கீழ ஒரு பட்டை இருந்தாப் போதும், சக்கரம் அதுல முட்டி நின்னுடும். இந்தக் கம்பியை எடுத்து என் முட்டிக்குக் கீழ வச்சிடுங்க.

– சரி, எடுத்துடறேன். அவ்வளவுதானே? மனசு குளிர்ந்துச்சா?

– இருங்க. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறேன், கேட்டுப் பக்கம் யார்கிட்டயோ கதை அளந்துக்கிட்டு இருக்காரு.

– ஐயோ, காது. என்னம்மா இது, விசிலா, ரயில் எஞ்சினா?

– ரெண்டு விரல்தாண்ணே. வீட்டுல தையல் மெஷின் ஓடற சத்தத்துல வாயால கூப்பிட்டா அவருக்கு எங்க கேக்குது. விசில் அடிச்சா எந்த மூலையில இருந்தாலும் ஓடி வருவாரு.

– பஸ் கண்டக்டரைப் பொண்டாட்டி விசில் அடிச்சு நிறுத்தறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

– வந்துட்டேன், வந்துட்டேன். என்ன மேடம், ஏறணுமா, இறங்கணுமா?

– இறங்கணும். எனக்கு முன்னாடி வரிசையில, நேரா இருக்கற சேர்ல போய் உக்காருங்க.

– டிக்கெட் எடுக்கணுமா?

– வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. அண்ணே, நீங்க உங்க டப்பாவைக் கொண்டாந்து என் பக்கத்துல போடுங்க. ஆங், அப்படித்தான். இப்ப அந்தக் கோல் தெரியுதா?

– ஜோராத் தெரியுது. இதைத்தானே காலையில இருந்து சொல்றேன்.

– ஏங்க, இப்ப உங்க செவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் பந்தை எடுத்துக்கிட்டு உள்ள வர்றான். ஒருத்தனை ஏமாத்திட்டான். கோல்கீப்பருக்கு நேரா வந்துட்டான். காலைத் தூக்கிட்டான். நீங்க என்ன பண்ணுவீங்க?

– என்ன பண்ணுவேன், எழுந்து நின்னு தொண்டை கிழியக் கத்துவேன்.

– நில்லுங்க.

– நின்னுட்டேன்.

– அண்ணே, கோல் எங்க?

– இருங்க, எட்டிப் பாக்கறேன்.

– சொல்லுங்கண்ணே, கண்ணாடியாத் தெரியுதா?

– கண்டக்டர் சட்டை தெரியுது.

– சட்டையில?

– தோள்பட்டையில ஒரு ஒட்டு.

– நான் தைச்ச ஒட்டுதான். வருஷா வருஷம் நான் பாக்கற மேட்ச் இதாண்ணே. எவனோட முதுகோ ஒண்ணு. எங்களை மாதிரி வீல்சேர்ல வர்றவங்களை முன்ன அந்த மூலையில, வரிசைக்கெல்லாம் பின்னாடி நிறுத்தி வச்சிருந்தாங்க இல்ல? பந்து நடுவுல உருண்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் நல்லாத் தெரியும். கோலுக்குப் பக்கத்துல போச்சுன்னா எல்லாரும் எழுந்துடுவாங்க. நம்ம ஆளு அடிச்சா குஷியில எழுந்திருப்பாங்க, எதிராளி அடிச்சா பதறிப் போய் எழுந்திருப்பாங்க. இந்தக் கிரவுண்டுல நான் ஒரு கோலைக் கூடப் பாத்ததில்லை. கேட்டிருக்கேன், அவ்வளவுதான்.

– கோலை எப்படிம்மா கேப்பீங்க?

– பெருஞ்சத்தமா இருந்தா நம்ம கோல். சட்டுனு ஊரே அடங்கிப் போச்சுன்னா அவங்க கோல்.

– அட கடவுளே. எனக்கு இது தோணவே இல்லையேம்மா.

– நீங்க மேட்ச் பாத்ததே இல்லையாண்ணே? இங்கதானே வேலை?

– மேட்ச் அன்னைக்கு நான் ஜெனரேட்டர் ரூம்ல இல்ல கிடப்பேன். இந்த கிரவுண்டை நான் எப்பவும் காலியாத்தான் பாத்திருக்கேன். முன்னாடி ஆளே இல்லாத கிரவுண்டுக்குப் பாத்துப் பாத்து ஒரு மேடையைக் கட்டி வச்சிருக்கேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

– அண்ணே, நான் உக்காரலாமா? கால் வலிக்குது.

– உக்காருங்க கண்டக்டர். சரி, விடுங்க. இன்னும் ஒரு முழம் உசத்திட்டா நிக்கறவன் தலைக்கு மேல பார்வை போயிடும். மேடைக் கால் எல்லாத்தையும் அறுத்து நீளம் கொடுக்கணும். ஆனா உசத்தினா ஏறி வர்ற சரிவு செங்குத்தாயிடுமே.

– செங்குத்தா இருந்தா நான் ஏற மாட்டேன். பின்னாலயே உருண்டு கேட்டுக்குப் போயிடுவேன்.

– அப்ப சரிவை நீட்டி, ஒரு திருப்பம் திருப்பணும். நீட்டினா அது டீக்கடை வாசல்ல போய் நிக்கும். அந்த ஆளு சண்டைக்கு வருவான்.

– வரட்டும். நாங்களும் டீ குடிக்கறவங்கதானே? வாசல்லயே கொண்டு போய் விட்டா அவருக்குத்தான் லாபம்.

– சனிக்கிழமைக்குள்ள முடிக்க முடியுமாண்ணே? இவ இந்த மேட்சை விட மாட்டா.

– முடிச்சுத் தரேன் கண்டக்டர். நம்ம டீம் மேல உங்க வீட்டம்மாவுக்கு அவ்வளவு பாசமா?

– அதை ஏன் கேக்கறீங்க. மத்த மேட்சுக்கு வான்னு கூப்பிட்டா, அவசரமா ஒரு ஜாக்கெட் தைக்கணும்பா. மஞ்சச் சட்டைக்காரங்க நம்ம ஊருக்கு வர்ற மேட்ச்னா மட்டும் விடியறதுக்கு முன்னாடியே தலை சீவி ரெடியா இருப்பா.

– போட்டி அப்படிங்க. அவனுங்களை ஜெயிக்கறதுன்னா நம்மாளுங்களுக்குச் சோறு தண்ணி வேணாம்.

– ஏங்க, கதை போதும். அண்ணனோட பையில டேப் இருக்காம், கேட்டுப் பக்கம். எடுத்துட்டு வாங்க, புது உசரத்தை இப்பவே அளந்துடலாம்.

– உத்தரவு. போலாம், ரைட்.

– நல்ல மனுஷன்மா. அவருக்காகவே ஒரு வேலை பண்ணி வச்சிருக்கேன் பாருங்க. கம்பியில தப்பு பண்ணினேன், உசரத்துல தப்பு பண்ணினேன், இதுல மட்டும் குறையே சொல்ல முடியாது. வீல்சேர் நிக்கற ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்துல ஒரு சேர், கூட வர்றவங்களுக்கு. போல்ட் போட்டு முடுக்கிட்டேன், யானை சாஞ்சாலும் அசையாது. இனிமே நீங்க கீழ ஒரு மூலையில, அவரு மேல கேலரியில கூட்டாளிங்களோடன்னு பிரிஞ்சு உக்கார வேண்டாம்.

– என் பக்கத்துல இருக்கறதை மட்டும் கழட்டிடுங்கண்ணே.

– என்னது?

– மெதுவாப் பேசுங்க. காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது.

– வீட்டுல சண்டையா?

– சண்டையெல்லாம் இல்லை. தங்கமான மனுஷன்.

– அப்புறம் என்ன?

– கால் நீட்ட இடம் பத்தாது அவருக்கு.

– பஸ்ல நாள் பூரா ஒத்தக் கால்ல நிக்கற மனுஷனுக்கா? அம்மா, கூட வர்றவங்க பக்கத்துல உக்கார இடமில்லைன்னு கிளப்புல வந்து சண்டை போட்டதே நீங்கதானே. செக்ரட்டரி இன்னும் அதைச் சொல்லிப் புலம்பறாரு.

– மத்தவங்களுக்காகப் போட்ட சண்டை அது. நெசமாவே மத்தவங்களுக்கு அது வேணும். எனக்குத்தான் வேணாம்.

– காரணம் சொல்லாம போல்ட்டைக் கழட்ட எனக்குக் கை வராது.

– யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?

– நான் ஏன் சொல்றேன்.

– நான் மஞ்சச் சட்டைண்ணே.

– புரியலை.

– சனிக்கிழமை வர்றாங்களே, அவங்க டீம். நான் பொறந்ததுல இருந்தே. எங்க அம்மா வீட்டு ஜன்னலைத் திறந்தா அவங்க பிராக்டீஸ் பண்ற கிரவுண்டு. மத்தப் பிள்ளைங்க ஓடி விளையாடப் போயிடும், நான் அந்த ஜன்னல்ல உக்காந்திருப்பேன். அவங்க எல்லார் பேரும் தெரியும், யாருக்கு எந்தக் கால் ராசின்னு தெரியும். விசில் அடிக்கக் கத்துக்கிட்டதே அங்கதான். அங்க இருந்து அடிச்சா கோல்கீப்பர் திரும்பிப் பாத்துக் கையை ஆட்டுவாரு.

– போச்சுடா.

– கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கு இவரு அலமாரியைத் திறந்து காட்டறாரு. பூரா செவப்புச் சட்டை. இனிமே நீயும் நம்ம டீமுன்னு சொல்லி ஒண்ணை எடுத்து என் மடியில போட்டாரு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். அந்த நேரத்துல வாயைத் திறந்து எப்படிண்ணே சொல்றது? அன்னைக்கு விட்டது, விட்டதுதான்.

– இத்தனை வருஷமா தெரியாதா அவருக்கு?

– தனித்தனியா உக்கார வச்சாங்களே, அதுல பொழச்சேன். அவரு மேல இருந்து அவர் டீமுக்குக் கத்துவாரு. நான் கீழ என் பாட்டுக்கு இருப்பேன். பக்கத்துல உக்காந்தா என்னால மறைக்க முடியாது. அடக்கிக்கிட்டுத்தான் பாக்கணும்னா கோல் தெரிஞ்சும் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

– அப்ப இவ்வளவு நாளா முதுகு ஒடிய நான் வேலை செஞ்சது எதிரிக்கா?

– எதிரியும் உக்காந்து பாக்கணும்ல.

– மேடைக்கு அடிக்கச் செவப்புப் பெயின்ட் வேற வாங்கி வச்சிருக்காங்க.

– தாராளமா அடிங்க. அதுமேலதானே ஏறி உக்காரப் போறேன்.

– சிரிக்காதீங்கம்மா. தெரிஞ்சா கோவிச்சுக்குவாரா?

– கோவிச்சுக்கிட்டா சமாளிச்சுடுவேன். வருத்தப்படுவாருண்ணே. என்னைத் தூக்கி பஸ்ல ஏத்தி இறக்கி, மழையில நனைஞ்சு கூட்டிட்டு வர்ற மனுஷன். நம்ம டீமுக்காக வர்றான்னு நம்பிக்கிட்டு. அந்த மூஞ்சியை வாடவிட எனக்கு மனசு வரலை.

– சரி, சரி, கண்ணைத் துடைங்க. கழட்டித் தொலைக்கிறேன்.

– அவரு வர்றாரு. நான் போய் கீழ பாத்ரூம் கதவு அகலம் போதுமான்னு பாக்கறேன். நீங்க ஸ்பானரை எடுங்க.

– அண்ணே, இந்தாங்க டேப். பையில என்னென்னமோ வச்சிருக்கீங்க, தேடி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஆமா, எதுக்குச் சேரைக் கழட்டறீங்க?

– அது வந்து, அளவு தப்பாயிடுச்சு.

– உங்க கை வச்சாதான் தப்பாதே.

– இன்னைக்கு எல்லாமே தப்புது கண்டக்டர். கால் நீட்ட இடமில்லை உங்களுக்கு.

– எனக்கு இடமில்லைன்னு அவ சொன்னாளா?

– யாரு? அவங்க ஒண்ணும் சொல்லலை.

– மஞ்சச் சட்டைக் கதையைச் சொல்லிட்டாளா?

– கண்டக்டர், நான் வெல்டர். என்னை விட்டுடுங்க.

– கேட்டீங்களா?

– விசில்தானே? பாத்ரூம் பக்கம் இருந்து உங்களைத்தான் கூப்பிடறாங்க. போங்க, போங்க.

– போறேன். நாள் பூரா விசில் ஊதற பொழப்பு எனக்கு. இது யார் விசில்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கல்யாணம் ஆன வருஷம், இதே கிரவுண்டுல அவங்க கடைசி நேரத்துல ஒரு கோல் போட்டுட்டாங்க. அத்தனை ஜனமும் வாயடைச்சு நிக்குது. என் பக்கத்துல ஒருத்தன் தலையில கை வச்சுக்கிட்டு அழறான். அந்த அமைதியில கீழ இருந்து ஒரு விசில்.

– ஐயையோ.

– யாருடா அந்தக் கிறுக்கன்னு கூட்டாளிங்க எட்டி எட்டிப் பாத்தாங்க. கண்டுபிடிக்க முடியலை. எவனோ ஒருத்தன், விடுங்கடான்னு நான்தான் உக்கார வச்சேன். அன்னைக்கு ராத்திரி அவகிட்ட, பாவம் நாம தோத்துட்டோம்னு சொன்னேன். ஆமாங்க, பாவம்னு அவளும் சொன்னா.

– கேட்டிருக்கலாமே நீங்க. மனசு கஷ்டமா இல்லையா?

– மொத நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அவ்வளவு சந்தோஷமா அவ வீட்டுல ஒரு நாளும் விசில் அடிச்சதில்லைண்ணே. தெரியும்னு சொல்லிட்டேன்னா அடுத்த வருஷம் என்னை நெனச்சு அடக்கிக்குவா.

– பக்கத்துல உக்காந்தா மட்டும் அடக்க மாட்டாங்களா?

– கோல் விழற நேரத்துல யாரால அடக்க முடியும்? விரல் தானா வாய்க்குப் போயிடும். பாருங்க, திரும்பவும் கூப்பிடறா. இந்தக் கிரவுண்டுல ஒரு கோலைக் கூடப் பாத்ததில்லை, கேட்டிருக்கேன்னு சொன்னா இல்ல? நானும் அப்படித்தாண்ணே, அந்த விசிலைக் கேட்டிருக்கேன், அவ்வளவுதான். அந்த நேரத்துல அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு தடவை கூடப் பாத்ததில்லை, சேரை அங்கேயே முடுக்குங்க.