முந்திரி ரசம்

இல்லை தம்பி, நீங்கள் எழும்பாதேங்கோ, நான் இந்தக் கதிரையிலையே இருக்கிறன். சோபாவிலை புதைஞ்சு போனா எனக்குப் பேந்து எழும்ப ஏலாது. அப்பா எப்ப வருவார்? ஷொப்பிங் சென்டருக்கு நடக்கப் போனா ஆறுதலாத்தான் வருவாரோ? நல்லதாப் போச்சு. அவர் வர முந்தி உங்களோடை கொஞ்சம் கதைக்க வேணும். அதுக்காகத்தான் ஒஸ்லோவின்ரை மற்றத் தொங்கலிலை, மோர்டென்ஸ்ருடிலை இருந்து ரயில் மாறி இந்த ஸ்டோவ்னர் மட்டும் வந்தனான்.

என்னைத் தெரியேல்லையோ? நான் அனஸ்ரேசியா. உங்கடை அப்பாவோடை ஜெர்மனிக்குப் பஸ்ஸிலை போன கூட்டத்திலை ஒருத்தி. பக்கத்து சீட். அட, என்ரை பேரைக்கூடச் சொல்லேல்லையோ? ஓம், சொல்லமாட்டார். என்னோடை கோவம். வந்து மூண்டு கிழமையா என்ரை ஃபோனை எடுக்கிறார் இல்லை. இண்டைக்கு அந்தக் கோவத்தைத் தீர்க்காமல் நான் வீட்டை போறேல்லை எண்டு வெளிக்கிட்டு வந்திட்டன்.

இதைப் பிடியுங்கோ. கஜு. உங்கடை மனிசியிட்டைக் குடுங்கோ. நீங்கள் இதைத்தானே முந்திரி எண்டுறனீங்கள்? நாங்கள் முந்திரி எண்டா, கொடியிலை குலைகுலையாத் தொங்குமே, அது. நீங்கள் திராட்சை எண்டுறியள். இது அப்ப எனக்கும் தெரியாது, உங்கடை அப்பாவுக்கும் தெரியாது. அதிலை துவங்கினதுதான் அவ்வளவு கூத்தும்.

எங்கடை முதியோர் சங்கம் வருசத்துக்கு ஒருக்கா எங்கையாவது கூட்டிக்கொண்டு போறது. இந்த முறை மோசல் எண்ட ஆறு. ஆத்தங்கரை வழிய ஊர் ஊரா இறங்கிப் பாக்கிறது. கப்பலிலை கீல் துறைமுகம் மட்டும் போய், அங்கையிருந்து பஸ். முழுப்பேரும் யாழ்ப்பாணத்து ஆக்கள், உங்கடை அப்பா ஒராள்தான் இந்தியா. பாவம், ஒருத்தரும் கதைக்காமல் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தார். வாத்தியாரா இருந்தவர் எண்டு கேள்விப்பட்டு நான் மாஸ்டர் எண்டுதான் கூப்பிடுறனான். நான்தான் வாயைச் சும்மா வைச்சிருக்கேலாமல் சொன்னனான், மாஸ்டர், நாளைக்கு முழுக்க முந்திரித் தோட்டம்தான், ஆறு போற இடமெல்லாம் ரெண்டு பக்கமும் முந்திரி, ஆய்ஞ்சு சாப்பிட விடுவினம் எண்டு. மனுசன்ரை முகத்தைப் பாக்க வேணும்! உங்கடை மனிசிக்கு ஃபோன் எடுத்து, முந்திரி வாங்காதேம்மா, நான் பை நிறையக் கொண்டு வாறன் எண்டு சொன்னவர். ஓ, அந்த ஃபோன் ஞாபகம் இருக்கோ? பாத்தியளே!

கோப்ளென்ஸிலை இறங்கினம். மோசல் வந்து பெரிய ஆறு ரைனோடை சேருற இடம். ஒரு அரசன் குதிரையிலை சிலையா இருக்கிறார், எல்லாரும் அவரைப் படம் எடுக்கினம். உங்கடை அப்பா குதிரைக்குப் பின்னாலை போய் முந்திரி மரம் தேடுறார். கோஹெம் எண்டு சின்ன ஊர், மலை உச்சியிலை கோட்டை, பாத்தா வாயைப் பிளப்பியள். இவர் கோட்டையைப் பாக்கேல்லை. தூரத்துச் சரிவு முழுக்கக் கொடி நிக்குது, அதைக் காட்டி, இதெல்லாம் என்னங்க, அவரைக்காயா எண்டு கேக்கிறார்! நான் சிரிச்சன். பகிடி விடுறார் எண்டு நினைச்சன் தம்பி. நல்ல பகிடிக்காரன், இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சிருந்தவர் எண்டு யோசிச்சன்.

அடுத்தது பெர்ன்காஸ்டல். பழைய மர வீடுகள், ஒண்டு சரிஞ்சு விழுறமாதிரி நிக்குது, விழேல்லை. அங்கை ஒரு நிலவறையிலை எங்களை வரிசையா இருத்திப்போட்டு ஒரு வெள்ளைக்காரி வைன் வார்த்தவா. இவர் இது என்னங்க எண்டார். நான் வேதக்காரி தம்பி, எனக்குச் சுவாமியார் பூசையிலை சொல்லுற கோயில் வசனம்தான் வாயிலை வந்தது. முந்திரி ரசம் எண்டன். மனுசன் உடனை நிமிந்து இருந்து, எங்க ஊர்ல மிளகுதாங்க போடுவோம், முந்திரி போட்டு ரசம் வச்சுச் சாப்பிட்டதில்ல எண்டு சொல்லி, ஒரே மடக்கிலை அடிச்சார். நல்லாத்தான் இருக்கு, உப்பு கம்மி எண்டார். அந்தப் பொம்பிளையைக் கூப்பிட்டுச் சோறு இருக்கோ எண்டு கையாலை பிசைஞ்சு காட்டினவர். அவ என்ன விளங்கினாவோ, இன்னுமொரு கோப்பை வார்த்தா. அதுக்குப் பிறகுதான் ஏங்க, காது சுடுதே எண்டு கேட்டவர்.

என்ன, உங்களுக்குச் சொல்லேல்லையோ? குடிக்கவே மாட்டாரோ? ஐயோ! அப்ப நானும் ஒண்டும் சொல்லேல்லை, நீங்களும் ஒண்டும் கேக்கேல்லை. ரசம் குடிச்சவர், அவ்வளவுதான்.

அந்த நிலவறையிலைதான் எங்களுக்கு விசயம் வெளிச்சது. உங்கடை முந்திரி வேறை, எங்கடை முந்திரி வேறை. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பிலை எனக்கு வயிறு நொந்து, கண்ணாலை தண்ணி. என்ரை மனுசன் செத்த பிறகு நான் அப்பிடிச் சிரிக்கேல்லை தம்பி. உண்மையாச் சொல்லுறன். சின்னப்பிள்ளையளின்ரை பள்ளி, பார்னஹாகாவிலை சமைச்சுப் பென்ஷனும் எடுத்திட்டன், வீட்டை போனா டிவிதான் கதைக்கும். மாஸ்டர் எனக்கு ஆத்திலை போற கப்பலுக்கெல்லாம் பேர் வைச்சார். காலமான உங்கடை அம்மாவைப் பற்றியும் சொன்னவர். நல்ல மனிசியாம், கோவம் வந்தா பாத்திரம் கழுவுவாவாம். எனக்கு அவவைப் பிடிச்சுக்கொண்டுது.

சரி, கோவத்துக்கு வாறன். கடைசி இடம் ட்ரியர். ரோமர் கட்டின கறுத்த வாசல் ஒண்டு இருக்கு, அதுக்குக் கீழை இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டம். எனக்கு யூலியன் எண்டு ஒரு மகன். நல்ல பிள்ளை, ஆனா பயணம் முழுக்க மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஃபோன். மம்மா ஜாக்கெட் போட்டியோ, பிரஷர் குளிசை போட்டியோ, பாஸ்போட் எங்கை எண்டு ஒரே சத்தம். அண்டைக்கும் எடுத்துக் குழறினவன். நான் ஃபோனை வைச்ச உடனை உங்கடை அப்பா ஐஸ்கிறீமைப் பாத்துக்கொண்டு, மெல்லமா, உங்க பையன்கிட்ட நானே பேசட்டுமாங்க எண்டு கேட்டார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறியள்? உங்களுக்கு அது கதைக்கிறது. எங்களுக்குப் பேசுறது எண்டா ஏசுறது! எனக்கு வந்ததே கோவம். என்ரை பிள்ளையைப் பேச நீங்கள் ஆர், அந்த எண்ணத்தை இப்பவே விட்டுடுங்கோ, இனி ஒருக்காலும் அப்பிடிக் கேக்கப்படாது எண்டு சத்தம் போட்டிட்டன். புறாக்கள்கூடப் பறந்திட்டுது. மனுசன் வெளிறிப்போய், மன்னிச்சிடுங்க, தெரியாமக் கேட்டுட்டேன் எண்டு எழும்பினவர்தான். திரும்பி வரேக்கை ட்ரைவருக்குப் பக்கத்திலை போய் இருந்திட்டார். ஒஸ்லோவிலை இறங்கேக்கை என்ரை சூட்கேஸைத் தூக்கி வைச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காமல் நடந்திட்டார்.

உங்கடை இந்தியா நாடகமெல்லாம் டிவியிலை பாக்கிற எனக்கு அது ஏன் அப்ப விளங்கேல்லை எண்டு கேக்காதேங்கோ. டிவியிலை கேட்டா விளங்குது, எனக்கு நேரை ஆரும் சொன்னா மூளை வேலை செய்யுதில்லை. போன வியாழன் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு நாடகம் பாக்கிறன், ஒரு பெடியன் பெட்டையைக் கூப்பிட்டு, உங்க அப்பாகிட்ட நான் பேசட்டுமா எண்டு கேக்கிறான். அவள் வெக்கத்திலை முகத்தை மூடுறாள். அயன் பெட்டி நிண்ட இடத்திலை நிக்க, யூலியன் கொண்டு வந்து தந்த வெள்ளைச் சேட் பொசுங்கிப் போச்சு. மாதாவே, மனுசன் எவ்வளவு மரியாதையாக் கேட்டது, நான் புறா கலைக்கிற மாதிரிக் கலைச்சுப்போட்டன் எண்டு, குந்தியிருந்து அழுதன்.

இல்லை தம்பி, தண்ணி எனக்கு வேண்டாம், நீங்கள் குடியுங்கோ. உங்களுக்குத்தான் முகம் ஒரு மாதிரி இருக்கு.

யூலியனுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். பேந்து வந்து, அவர் குளிசை எல்லாம் ஒழுங்காப் போடுறவரோ எண்டு கேட்டான். அது அவன்ரை சம்மதம். எங்கடை ஆக்களிலை பொம்பிளைப் பகுதிதான் மாப்பிள்ளை வீட்டை போய்க் கேக்கிறது. எனக்குப் போக ஆர் இருக்கினம்? நானே வெளிக்கிட்டு வந்தனான். கோயில், சமயம் எல்லாம் நாங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளுவம். என்ரை வீடு லிஃப்ட் உள்ள கட்டடம், மாஸ்டரின்ரை முழங்காலுக்கு நல்லது.

நான் உங்கடை தமிழிலையே கேக்கிறன், பிழை எண்டா திருத்துங்கோ. உங்க அப்பாவைப் பத்தி உங்ககிட்ட பேச வந்திருக்கேங்க. சரியோ? ஐயோ, சும்மா தலையை ஆட்டாதேங்கோ பிள்ளை. வாயைத் திறந்து சொல்லுங்கோ, மாஸ்டரை எனக்குத் தருவியளோ, மாட்டியளோ?